கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஓணான்

ஆத்தாவுக்கு மகன் வசந்தகுமார் சார்ஜாவிலிருந்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

வீடியோ காலில் என் தோளில் ஓணானைப் பார்த்ததும், "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியாடா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். மூன்று நாளாக எடுக்கவும் இல்லை. அதனால்தான் இலுப்பூருக்கு வரும் சேவுகன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

இது வேலியில் போனதில்லை ஆத்தா. நான் வாட்ச்மேனாக இருக்கும் கட்டிடத்தில் வீட்டைக் காலி செய்தவர்கள், கண்ணாடிப் பெட்டியோடு குப்பைத்தொட்டி ஓரம் விட்டுப்போன வளர்ப்பு ஓணான். தாடிபோல முள் இருக்கும், கடிக்காது. இடுப்பெலும்பு துருத்தி, உரியாத தோல் விரல்களை இறுக்கிக் கிடந்தது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்துத் தோலை உரித்தேன். சின்ன வயதில் ஓணானுக்குச் சுருக்குப் போட்ட இதே கையிலிருந்து இப்போது கீரை தின்கிறது.

அறையில் இருப்பவர்கள் வெளியே விடச் சொல்கிறார்கள். விட மாட்டேன். நீ சொன்னாலும் விட மாட்டேன்.

அண்ணன் திரும்பும்போது உன் பழைய நூல்சேலை ஒன்று கொடுத்தனுப்பு. அதற்கு விரிக்கத்தான். துவைத்துவிடாதே, சோப்பு வாசம் அதற்கு ஆகாது.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். அது என் தோளில்தான் இருக்கும். போனை எடு.