தாலியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

கே.கே. நகர், மதுரை
7 அக்டோபர் 2024

அன்புள்ள தமிழ்வாணிக்கு,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் முத்துக்குமரனுக்குப் பூ லோடு தடையில்லாமல் கிடைக்கிறதா? போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. என் பெண் மதுவந்திக்குத் தையில் கல்யாணம். புடவை, பத்திரிகை என்று என் போன் எந்நேரமும் அவள் கையில்தான். வீட்டிலும் எப்போதும் யாராவது வந்து போகிறார்கள். எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து போனது சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் மேமோகிராமுக்கு நான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நவம்பர் ஆறாம் தேதிக்கு நம் இருவர் பேரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நீ மட்டும் போய்விட்டு வா.

திட்டாதே. போன வருஷம் அந்தத் தட்டு இறங்கி நசுக்கியபோது, ஆபரேஷன் பண்ணிக் கரண்டு வைத்த பக்கம் கிழிந்தே போயிற்று என்று நினைத்தேன். வலியைக்கூடத் தாங்கலாம். 'இன்னொரு படம் எடுக்கணும், உக்காருங்கம்மா' என்றாளே அந்தப் பெண், அதற்கப்புறம் ரிசல்ட் வரும்வரை நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. இன்னொரு தடவை அந்த நாற்காலியில் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. கெட்டதை வாயால் சொல்லாதே, ததாஸ்து தேவதை கேட்டுவிட்டு 'அப்படியே ஆகட்டும்' என்றுவிடும் என்பாள் என் அம்மா. அப்படியிருக்க, அதைத் தேடிக்கொண்டு நாமே போவானேன்?

உன்
பிரியம்வதா


ஆனையூர் அங்கன்வாடி
14 அக்டோபர் 2024

பிரியமுள்ள டீச்சருக்கு,

தமிழ்வாணியின் வணக்கம். உங்கள் காகிதத்தைப் படித்த கோபத்தில் பிள்ளைகளின் சத்துமாவில் வெல்லத்துக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் துப்பின துப்பு உங்கள் கணக்கில்தான் சேரும்.

எனக்கு மட்டும் அது ஊஞ்சலாட்டமா டீச்சர்? அந்த அறைக்குள் நானும் மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நுழைகிறேன். வலிக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பவுடர் போட்டால் படத்தில் புள்ளியாக விழுமாம், போடாமல் வாருங்கள். இந்தப் பக்கம் ஆபரேஷன் பண்ணினது, மெதுவாக இறக்கு என்று அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். வகுப்பையே அதட்டுகிறவருக்கு அங்கே மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளுமா?

நாம் முதன்முதல் பார்த்த நாளை மறந்துவிட்டீர்களா? 'கழுத்துல இருக்கறதக் கழட்டுங்க' என்றதும் நான் அழுதுகொண்டு வெளியே ஓடிவந்தேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றி அலமாரியில் போட எனக்கு மனசு வரவில்லை. முன்பின் தெரியாத நீங்கள்தான் கையை நீட்டினீர்கள். 'எங்கிட்ட குடும்மா. கீழ வைக்க மாட்டேன்' என்றீர்கள். உங்கள் முறை வந்தபோது உங்கள் திருமாங்கல்யத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வருஷாவருஷம் அப்படித்தானே நடக்கிறது? இந்த வருஷம் நான் யார் கையில் கொடுப்பேன்?

வந்துவிடுங்கள்.

தமிழ்வாணி


கே.கே. நகர்
21 அக்டோபர் 2024

தமிழ்,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் வராததற்கு வலி காரணமில்லை. வலது பக்கம், அந்த நல்ல பக்கம், குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது. ஆவணியில் பட்டாணி மாதிரி இருந்தது. இப்போது மொச்சைக்கொட்டை அளவு இருக்கிறது.

இப்போது போனால் ஆபரேஷன், ஊசி, மொட்டைத் தலை. அந்தக் கோலத்தில் நான் மணையில் உட்கார முடியுமா? 'அம்மாவுக்கு ரெண்டு தடவை வந்திருக்கு, பொண்ணுக்கும் வராதுன்னு என்ன நிச்சயம்' என்று கேட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விட்டால், என் மது என்ன ஆவாள்? எங்காத்துக்காரருக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார். அதனால்தான் அவரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்.

தை பிறக்கட்டும். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு நானே போய்ப் படுத்துக்கொள்கிறேன். அதுவரை நீ யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. மது மேல் ஆணை.

பிரியம்வதா


ஆனையூர்
26 அக்டோபர் 2024

டீச்சர்,

ஆணையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். உங்கள் வீட்டுக்காரர் சிவராம் சாரிடம் சொல்லிவிடலாம் என்று உங்கள் தெருமுனை வரை வந்தேன். சார் காய்கறிப் பையோடு எதிரே வந்தார். 'என்னம்மா இந்தப் பக்கம்' என்று விசாரித்தார். சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பெற்ற பிள்ளை மேல் ஆணையிட்டு என் கழுத்தைப் பிடித்துவிட்டீர்களே. அதை மீற எனக்குத் துணிச்சல் இல்லை.

தை வரைக்கும் அது முகூர்த்தம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? கல்யாணத்துக்கு மட்டும் அம்மா இருந்தால் போதுமா? மதுவுக்கு வளையல் பூட்ட யார் இருப்பார்கள்? பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட யார் இருப்பார்கள்?

ஆறாம் தேதி காலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வருகிற வரைக்கும் நிற்பேன்.

தமிழ்வாணி


ஆனையூர்
8 நவம்பர் 2024

டீச்சர்,

உச்சி வெயில் வரை நின்றேன். நீங்கள் வரவில்லை.

தனியாகப் போனேன். தாலியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே மெஷின் முன்னால் நின்றேன், அந்தப் பெண் சத்தம் போட்டாள். படம் எடுத்து முடிந்ததும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். எனக்கு மறுபடி வந்திருக்கும்போல் இருக்கிறது டீச்சர். ஊசி போட்டுச் சதை எடுக்க இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் முத்துக்குமரன் இடிந்துபோவார்.

நீங்கள் கூட வந்தால் போவேன். வராவிட்டால் நானும் போகப் போவதில்லை. உங்களுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா? ரெண்டு பேரும் பேசாமல் இருந்துவிடுவோம்.

தமிழ்வாணி


கே.கே. நகர்
13 நவம்பர் 2024

என் கண்ணே தமிழ்,

ஐயோ, நீயா? உனக்கு ஏனடி வரணும்? உன்னை அங்கே தனியாக நிற்க வைத்தேனே, நான் நன்றாக இருப்பேனா?

வருகிறேன். பேசாமல் இருந்துவிடுவோம் என்று இனி ஒரு வார்த்தை எழுதினால் அறைந்துவிடுவேன். நீ வெளியில் காத்திருக்கிற நேரத்தில் நானும் படம் எடுத்துக்கொள்கிறேன். இருபதாம் தேதிக்கு என் பேரையும் சொல்லிவிட்டேன். மேஜையில் நீ படுத்திருக்கும்போது உன் தாலி என் கையில்தான் இருக்கும்.

உன்
பிரியம்வதா


ஆனையூர்
23 நவம்பர் 2024

டீச்சர்,

இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன்.

நீங்கள் படம் எடுத்து வெளியே வந்ததும், அடுத்து என்னைக் கூப்பிடச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டீர்கள். 'இவங்களுக்கு எதுக்கும்மா? இவங்க ரிப்போர்ட் அன்னைக்கே நல்லா வந்துருச்சே' என்றாள் அவள். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. என் கையிலிருந்து உங்கள் தாலியைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டீர்கள்.

ஆமாம், பொய்தான். மது மேல் போட்ட ஆணை என் வாயைக் கட்டிவிட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, என் உடம்பு மேல் சொன்னேன். எனக்கென்றால் வருவீர்கள் என்று தெரியும். உங்கள் அம்மா சொன்ன தேவதை கேட்டிருக்குமோ என்று குளிக்கும்போதெல்லாம் தடவித் தடவிப் பார்க்கிறேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். என் முகத்திலேயே விழிக்க வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். தபால்காரரைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

தமிழ்வாணி


கே.கே. நகர்
6 டிசம்பர் 2024

பொய்க்காரிக்கு,

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. விளையாடுகிற விஷயமா இது? ஒரு வாரம் மீனாட்சி சந்நிதியில் நின்று உனக்காக அழுதேன். எனக்காகக்கூட அப்படி அழுததில்லை. அந்த அழுகையை நீ எப்படித் திருப்பிக் கொடுப்பாய்?

படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்லி, சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுதான். 'தை வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா' என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று மது என் மடியில் விழுந்து அழுதாள். எங்காத்துக்காரரே நேரில் போய் சம்பந்தியிடம் சொல்லிவிட்டு வந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதுவரை ஒரு பதிலும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மது ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வேறு யாரோ என்று திரும்பி வருகிறாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது தமிழ்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன். கழுத்தில் குண்டுமணிகூட இருக்கக் கூடாதாம். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று மது கையை நீட்டினாள். வேண்டாம், அதற்கு ஆள் வரும் என்று சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு.

கீழே மட்டும் வைத்துவிடாதே.

பிரியம்வதா