மான்பாறையின் மேல்பூச்சு

பிள்ளைச்சாவடி,
வியாழக்கிழமை.

ராஜவேல் அண்ணனுக்கு,

உங்கள் அறிக்கை பொய். பொய் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டுவிட்டு பிரான்சுக்கு விமானம் ஏறினீர்கள். முதலில் நலம் விசாரித்துவிட்டு இதை எழுதலாம் என்று இரண்டு தாள்களைக் கிழித்தேன். முடியவில்லை.

ஆய்வகத்தில் என் மின்னஞ்சலை யாரோ படிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம். எங்கள் வீட்டுக்கார வெரோனிகா அக்கா மகனைப் பார்க்க, நீங்கள் இருக்கும் லியோனுக்கே வருகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

மான்பாறையில் குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதி விழுப்புரத்தில் கடைசி விசாரணை. அந்தப் பாறையிலுள்ள மான் ஓவியத்தில் டைட்டானியம் இருக்கிறது, எனவே அது இந்தக் காலத்துப் பெயிண்ட் என்று நீங்கள் எழுதிய ஒரே வரியைத்தான் அவர்கள் தூக்கிக் காட்டுகிறார்கள்.

அந்த டைட்டானியம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? நாம் ஓவியத்தை ஆய்வு செய்யப் போன அன்று பாறையடிக் காலனியிலிருந்து அஞ்சலாட்சி அம்மா ஓடி வந்து சொன்னாரே: "ஆபீசருங்க வராங்கன்னு சொன்னாங்க. மானு மங்கிப்போயி கெடக்குதேன்னு, மாட்டுக் கொம்புக்கு வாங்கன பெயிண்ட்ட நேத்துதான் ஒரு இழுப்பு இழுத்து வுட்டேன். நல்லாருக்குதா சார்?" நீங்கள், "சூப்பரா இருக்குதும்மா" என்றீர்கள். நானும் சிரித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அவர்கள் அந்த மானுக்கு வண்ணம் பூசுவது வழக்கம். அன்று விருந்தாளிகளுக்காக ஒருமுறை கூடுதலாகப் பூசிவிட்டார்.

நீங்கள் சுரண்டியது அந்தப் புதுப் பூச்சை மட்டும். கூடவே உதிர்ந்த ஒரு சில்லை நான் எடுத்து வைத்திருந்தேன். போன மாதம் அதைக் குறுக்காக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மேலே பெயிண்ட். அதன் கீழே பாறைக் கசிவில் மெல்ல மெல்லப் படிந்த உப்புப் படலம். அதற்கும் கீழே செங்காவி, சுத்தமான இரும்பு ஆக்சைடு. அத்தனை கனத்துக்குப் படலம் படிய எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே நீங்கள்தான்.

ஆய்வக இயக்குநரிடம் காட்டினேன். சில்லு எங்கே எடுத்தது என்பதற்குக் களக் குறிப்பேடு வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் கல் என்றார். மறுநாளே இரண்டு பேர் பைக்கில் வந்து, மேனகா எந்த பஸ்சில் காலாப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். இயக்குநரைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணா. அன்றிலிருந்து ஒரு பஸ்சை விட்டு அடுத்த பஸ்சில் போகிறேன். பின்னால் பைக் சத்தம் கேட்டால் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுகிறேன். சில்லை ஆய்வகத்தில் வைக்கப் பயம், அறையில் வைக்கவும் பயம். உடம்போடு வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மேட்டுத் தெரு வீடுகளுக்குப் பின்னால் வெடி வைக்க எவனாவது அனுமதி கேட்பானா? காலனி என்றால் மட்டும் கேட்கிறான். அஞ்சலாட்சி அம்மா போனில் கேட்கிறார்: "நான் அடிச்ச பெயிண்ட்டாலதான் மலைய ஒடைக்கிறாங்களாமே, நெசமாம்மா?"

பிரான்சில் உங்களுக்குக் கிடைத்த அந்த வேலை நிலைக்கட்டும், குழந்தை நன்றாக இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன். ஆனால் குறிப்பேடு உங்களிடம்தான் இருக்கிறது. பெயிண்ட்டைப் பற்றியும் சுரண்டிய இடத்தைப் பற்றியும் அன்றே நீங்கள் எழுதிய பக்கத்தை, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், வெரோனிகா அக்கா எதிரிலேயே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை உங்கள் வீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மேனகா