தண்ணீருக்குப் பிறகு கேட்பது

ஹனோவர்,
மாசி மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள லோறன்ஸ் தம்பிக்கு,

நத்தார்ப் பெருநாளுக்குத் தொலைபேசியில் கதைத்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். “எழுபத்திரண்டு வயதில, உந்த முழங்காலோட, ஆபிரிக்காவில எதை விட்டிட்டு வந்தனீங்கள் ரீச்சர், எடுத்துவர?” என்றீர். கலை, மதம், வரலாறு என்று பயண விளம்பரத் தாளில் இருந்ததை நான் அப்படியே ஒப்புவித்தேன். நீர் சிரித்தீர். இப்போது போய் வந்துவிட்டேன். முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். உம்முடைய கேள்விக்குச் சரியான பதிலும் கிடைத்திருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் நீளம். மாத்திரையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு இருந்து வாசியும்.

இங்கே மாலை வகுப்புகள் நடத்தும் கல்வி நிலையம் ஒழுங்கு செய்த பயணம் அது. கானா நாட்டில் பத்து நாள். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஜெர்மன்காரர், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, எல்லோரிலும் நுளம்பு கடிக்காமல் பூசும் மருந்தின் ஒரே வாசம். கலை வரலாறு படிப்பிக்கும் திருமதி ஹைன்றிஷ் கூட்டிப் போனார். தமிழர் என்றால் நானும் இன்னொருவரும்தான். அந்த இன்னொருவருக்கு விளம்பரத்தில் ‘மதம்’ என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆவணியில் நாங்கள் பஸ் பிடித்துக் கெவெலார் மாதாவிடம் போவோமே, அப்படி ஒரு யாத்திரை என்று நினைத்து ஒரு பெட்டி மெழுகுதிரியும் செபமாலையும் வாளி நிறைய மிக்சரும் கொண்டு வந்துவிட்டார். இரண்டாம் நாள் நூதனசாலையில், அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த பித்தளைப் படிக்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மீன், முதலை, கதிரை என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம், பெருவிரல் அளவுதான் இருக்கும். நான் அதில் மயங்கி நிற்க, மனுசன் காதருகில் வந்து, கோயில் எப்போது வரும் என்று கேட்டார். மிக்சரை மட்டும் ஜெர்மன்காரர் மூன்றாம் நாளே முடித்துவிட்டார்கள்.

மெழுகுதிரிக்கும் ஒரு வேலை வந்தது. கேப் கோஸ்ட் என்ற ஊரில் கடலோரம் ஒரு கோட்டை. அடிமைகளாக விற்பதற்குப் பிடித்து வந்த ஆண்களை அடைத்த நிலவறைக்குள் எங்களை இறக்கினார்கள். அதற்கு நேர் மேலேதான் தேவாலயம் இருந்தது என்று வழிகாட்டி சொன்னார். நம்முடைய ஆள் மெல்லக் கேட்டார்: “மேல பாட்டுப் படிச்சவைக்குக் கீழ அழுதது கேக்கேல்லையோ ரீச்சர்?” அவர் கைச்சைகையால் அனுமதி கேட்டு, ஆளுக்கு ஒரு திரி கொடுத்தார். கோயில் பக்கமே போகாதவர்களும் வாங்கிக் கொளுத்தினார்கள். யாத்திரை என்று அவர் நினைத்தது முழுப் பிழையும் இல்லை என்று அப்போது எனக்குப் பட்டது.

அந்த இன்னொருவர் யார் என்று இதற்குள் உமக்கு விளங்கியிருக்கும். ஓம், உம்முடைய தம்பி யோசப்தான். இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைக்கக் கூடாது. பாதியில் புத்தகத்தை மூடுகிற பிள்ளைக்கு என் வகுப்பில் என்ன நடக்கும் என்று ஊரில், பேசாலையில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசிக்கு முதல் நாள், குமாசி நகருக்கு வெளியே ஒரு கிராமத் தலைவரின் முற்றத்துக்குப் போனோம். பெரிய குடையின் கீழ் அவர் இருக்க, பக்கத்தில் ஒருவர் தங்கத்தகடு போர்த்த கோலுடன் நின்றார். கோலின் உச்சியில், முட்டையைப் பிடித்திருக்கும் ஒரு கை. அதிகாரம் முட்டை மாதிரியாம். இறுக்கினால் உடையும், விட்டால் விழும். கோல் பிடித்தவரை ஒச்சியாமே என்கிறார்கள். தலைவரோடு யாரும் நேரே கதைப்பதில்லை. சொல்வதை இவரிடம் சொல்ல வேண்டும், இவர் எடுத்துச் சொல்வார். நாங்கள் சூடான தேத்தண்ணியை ஒரு கோப்பையில் இருந்து மற்றக் கோப்பைக்கு ஆற்றுகிறோம் அல்லவா? அதுபோல, வார்த்தையும் கை மாறும்போது சூடு தணியும்.

அங்கே இன்னொரு வழக்கம். விருந்தாளிக்கு முதலில் தண்ணீர். குடித்த பிறகுதான், ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். காரணம் முன்பே தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். கேட்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. எங்கள் பழக்கம் நேர் எதிர். ஜேசுரட்ணம் அண்ணை போன வருடம் என் வீட்டுக்கு வந்து, மூன்று றோல்ஸ் சாப்பிட்டு, பனியைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் வந்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளின் கலியாணத்துக்கு அழைக்க வந்தவர், பாவம்.

தண்ணீர் ஒரு சுரைக்குடுவையில் கை மாறி வந்தது. ஜெர்மன்காரர் வாய் வைக்கத் தயங்கித் தயங்கிக் குடித்து, வழிகாட்டி சொன்னபடி மிச்சத்தில் சில துளியை நிலத்தில் விட்டார்கள். இறந்துபோன முன்னோருக்கான பங்கு அது. யோசப் அந்த விளக்கத்தைக் கவனிக்கவில்லை. ஊரில் செய்வது போலக் குடுவையை உயர்த்தி, அண்ணாந்து, வாயில் படாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார். ஒரு துளி சிந்தவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், அவருக்கும் பெருமை. ஒச்சியாமே மட்டும் காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். வழிகாட்டி எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் யோசப்புக்குச் சொன்னேன்: “உங்கட வீட்டில செத்தவை ஒருத்தருக்கும் தாகமில்லையோ எண்டு கேக்கிறார்.”

பகிடியாகத்தான் கேட்டிருப்பார். யோசப்பின் முகம் மாறிவிட்டது. பிறகு சொன்னார்: “அம்மாவுக்கு இருக்கும் ரீச்சர். அம்மா போனதை அண்ணைக்கு நான்தான் சொல்லியிருக்கோணும். அவர் ஆஸ்பத்திரியில நெஞ்சைத் திறந்து கிடந்தவர். எழும்பட்டும், எழும்பட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள ஊரில அடக்கம் முடிஞ்சுது. கனடாவில இருந்து ஆரோ துக்கம் விசாரிக்கப் போன் எடுத்துத்தான் அவர் அறிஞ்சவர். எட்டு வருசமாச்சு. இன்னும் நான் சொல்லேல்ல.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், வழிகாட்டி தங்கள் மொழியில் சொன்னார், ஒச்சியாமே தலைவருக்குச் சொன்னார். தலைவர் ஆங்கிலம் படித்த மனிதர். நான் சொன்னபோதே அவருக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் முழுச் செய்தியும் முறைப்படி வந்து சேரும்வரை பொறுத்திருந்தார். அந்தப் பொறுமையைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதில் அதே வழியால் திரும்பி வந்தது: “குடுக்காத செய்தி, காவிறவனுக்குத்தான் பாரம். கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுங்கோ.” குடுவையை மறுபடி நிரப்பிக் கொடுத்தார்கள். இந்த முறை யோசப் பாதியை நிலத்திலேயே ஊற்றிவிட்டார். இவ்வளவு தேவையில்லை என்று ஒச்சியாமே சொல்ல, எல்லோரும் சிரித்தோம், யோசப்பும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்று மத்தியானம் ஃபூஃபூ என்ற களியைச் சப்பாமல் விழுங்கச் சொன்னபோது, ஒடியல் கூழ் குடித்தவனுக்கு இதைப் படிப்பிக்க வேண்டுமோ என்று இரண்டு கோப்பை வாங்கினார். எட்டு வருடத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

தம்பி, செய்தி சொல்லாதவன் தம்பியில்லை என்று நீர் சொன்னது எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைக் கடைசியாகத் தொலைபேசியில்கூடப் பார்க்கக் கிடைக்காத மகனுக்குக் கோபப்பட எல்லா நியாயமும் உண்டு. அதைத் தீர்க்க நான் வரவில்லை. நான் ஒச்சியாமே மட்டும், ஆற்றிக் கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன கோடையில் யோசப் உம்முடைய எஸ்-பான் ரயில் நிலையம் வரை வந்து, அங்கே இருந்த பேக்கரியில் ஒரு கோப்பி குடித்துவிட்டு ஹனோவருக்குத் திரும்பிவிட்டாராம். கதவு திறந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம்.

இப்போது தெரியும். நாளைக்கல்ல, அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவர் ரயில் ஏறுவார். உம்முடைய பேரன் எமிலுக்கு, முட்டை பிடித்த அந்தக் கையைச் சிறிதாகச் செதுக்கியது ஒன்று வாங்கி வந்தேன், யோசப்பிடம் கொடுத்து விடுகிறேன். விளையாடட்டும், பல்லில் வைக்காமல் பார்த்துக்கொள்ளும். குளிர் இன்னும் விடவில்லை, நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போம். தண்ணீர் நிலத்தில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டாம் என்று மருமகள் கிறிஸ்ரினாவிடம் முன்கூட்டியே சொல்லி வையும். உங்கள் அம்மா எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டாலும் மற்றவன் சாப்பிட்டானோ என்று கேட்பவ. அவவின் ஆசி உங்கள் இரண்டு பேரிலும் இருக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் கதவைத் திறந்து, முதலில் ஒரு கோப்பை தண்ணீர் கொடும். அவர் குடித்து முடித்த பிறகு, ஒன்றும் அறியாதவர் போல, “ஏன் வந்தனீ?” என்று கேளும்.

என்றும் அன்புடன்,
லூர்தம்மா ரீச்சர்