ஊதக் கூடாது, இழுக்க வேண்டும்

புனே
8 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஜலஜாவின் நமஸ்காரம். நம் பெண் ப்ரியாவும் குழந்தையும் சௌக்கியம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்பதில்லை, அதனால் எழுதவில்லை.

போன் செய்தால் "சரி" என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். சிகரெட்டுக்காகச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன், வாஸ்தவம். நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் பிடித்தால் கத்தாமல் என்ன செய்வேன்? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்றால் எழுதிவிடுங்கள். ப்ரியா என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். இருந்துவிடுகிறேன்.

ஜலஜா

பவானிபூர், கொல்கத்தா
16 ஜனவரி 2025

சௌ. ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கோபமெல்லாம் இல்லை. நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்குகிறது. அது உன் காதில் விழ வேண்டாம் என்றுதான் போனை வைத்துவிடுகிறேன். எழுதும்போது இளைப்பது உனக்குத் தெரியாதே. சிகரெட்டை நீ போன மறுநாளே விட்டேன். எதிர்வீட்டு ஸ்மிதா பௌதியைக் கேட்டுப் பார்.

கெட்ட நுரையீரல் திரும்பாதாம். மூச்சை இழுக்கும் தசைகளுக்குப் பலம் ஏற்றலாம் என்று டாக்டர் ஒரு குழாய் கொடுத்திருக்கிறார். மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு வாயால் காற்றை இழுக்க வேண்டும். நான் பாட்டுக்கு ஒரு வாரம் அதில் ஊதிக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் சங்கு ஊதுகிற எதிர்வீட்டு அம்மா வேறு, அடிவயிற்றிலிருந்து ஊதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பயிற்சி கொடுக்கும் பெண் சாதனா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊதக் கூடாது மாமா, இழுக்கணும்." இப்போது ஒழுங்காகச் செய்கிறேன். மாடிப்படியில் நின்று நின்று ஏறுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நன்றாகப் பேச வந்ததும் நானே கூப்பிடுகிறேன். அதுவரை வராதே. இப்படி என்னை நீ பார்க்க வேண்டாம்.

மஹாதேவன்

புனே
22 ஜனவரி 2025

நமஸ்காரம்.

கடிதத்தைப் படித்துவிட்டு, ப்ரியாவுக்குத் தெரியாமல் பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் சிகரெட் இழுத்தவருக்கு இழுக்கத் தெரியவில்லையாம்.

நீங்கள் நன்றாகப் பேசினால்தான் நான் வர வேண்டுமா? மூச்சு நன்றாக இருந்த காலத்தில் பாங்கு வேலை விஷயத்தைத் தவிர என்ன பேசினீர்கள்? உங்கள் பேச்சைக் கேட்கவா நான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்? இளைத்தால் இளைக்கட்டும். அதை நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

மாதக் கடைசியில் ரயிலில் இடம் கிடைத்திருக்கிறது. ஹௌராவுக்கு வந்து நிற்காதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். நான் உள்ளே வந்ததும் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். எனக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

ஜலஜா