இரண்டாம் சாட்சி

தேனி,
4.3.2024

அன்புள்ள தங்கச்சி ஜெபராணிக்கு,

ஆதித்தன் எழுதுவது. சுகம்தானே? போனில் பேசத்தான் நினைத்தேன். எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் பாதியில் வைத்துவிட முடியாது பார்.

நம் பறவை பார்ப்போர் சங்கத்து இதழுக்கு இப்போதுதான் ஒழுங்காக அச்சு விதிகள் எழுதுகிறோம். இத்தனை வருஷம் ஆளுக்கொரு எழுத்து, ஆளுக்கொரு அளவு என்று கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி கலந்து கிடந்தது. இனிப் பறவையின் ஊர்ப்பெயர் முதலில், அறிவியல் பெயர் அடுத்துச் சாய்வெழுத்தில். கேள்விப்பட்டது அச்சேறாது. ஒருவர் மட்டும் பார்த்தது கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். இருவர் பார்த்திருந்தால்தான் முன்பக்கம்.

உறுப்பினர் பக்கத்தில், உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன் 'திரு'. இறந்தவர் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். ஸ்டான்லி பெயரில்தான் வந்து முட்டி நிற்கிறோம். மேகமலைக்குப் பறவை பார்க்க ஏறிய உன் வீட்டுக்காரன் இறங்கி வராமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தேடியவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். செயலாளர் வினோத்ராஜ், "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார், நடுவுல ஒண்ணு கெடையாது" என்கிறார். நீ சொல்லாமல் நான் கோடு போடமாட்டேன். அச்சேறும் முன் திருத்தும் புரூஃப் இத்துடன் இருக்கிறது. உன் கையால் குறித்து அனுப்பு.

அன்புடன்,
ஆதித்தன்


சின்னமனூர்,
9.3.2024

அன்புள்ள ஆதித்தன் அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு வருஷமாகச் சின்னமனூர்ப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லாத உங்களுக்குக் கட்டம் போட மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. சந்தோஷம். ஆராதனை முடிந்ததும் கோயிலில் ஜெபஷீலா அக்காவும், "நினைவுக் கூட்டம் ஒண்ணு வச்சிருவமா ஆத்தா"ன்னு கேட்டாக. எழுந்து வந்துவிட்டேன்.

கட்டம் வேண்டாம். காரணத்தை உங்கள் விதிப்படியே எழுதுகிறேன்.

பார்த்தது: என் வீட்டுக்காரர்.
இடம்: வீட்டுப் பின்பக்கம், திராட்சைப் பந்தலடி.
வேளை: விளக்கு வைக்கும் நேரம்.
தொலைவு: துணி காயப்போடும் கொடியின் நீளம்.
அடையாளம்: மலைக்குப் போட்டுப் போன பச்சை ஸ்வெட்டர். நனைந்திருந்தது. இங்கன மழை இல்லை.
நடத்தை: முதுகைக் காட்டி நின்றார். கூப்பிட்டும் திரும்பவில்லை.
உடன் பார்த்தவர்: யாருமில்லை.

ஒரு நாள் கண்டதல்ல. கோடை வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து தினமும் வருகிறார். பின்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், உள்ளே வரமாட்டேன் என்கிறார். பயமாக இருக்கிறது அண்ணா, பொய் சொல்லமாட்டேன். ஒரு நாள் வராமல் இருந்துவிடுவாரோ என்பது அதைவிடப் பயம்.

இரண்டாம் சாட்சி இல்லை என்பதுதானே குறை? 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வாருங்கள்.

ஜெபராணி ஸ்டான்லி


தேனி,
18.3.2024

அன்புள்ள ஜெபராணிக்கு,

நேற்றுச் சொல்லாமல் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தேடியிருப்பாய். வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், நான் பார்க்க வரவில்லை. உன்னை எந்த டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நீ அடுப்படிக்குப் போனாய். பந்தலில் கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் எல்லாம் ஒரேயடியாக வாயடைத்தன. வல்லூறு வந்தால்கூட ஒன்றிரண்டு கத்தும். நிமிர்ந்து பார்த்தேன், ஸ்டான்லி நின்றான். ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அது விழுந்த மண் காய்ந்தே கிடந்தது.

என் பக்கம் திரும்பினான் ஜெபராணி. அதே முகம்தான், கண் மட்டும் இமைக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

"ஆதி, கட்டத்தப் போட்டுரு. அவ கதவத் தொறந்தே வச்சிருக்கா. உள்ளயும் வர முடியல, அங்கிட்டும் போக முடியல."

விதிப்படி இருவர் பார்த்தாயிற்று. இனி முன்பக்கத்திலேயே போடலாம், ஆனால் போட எனக்கு மனசில்லை. நீ கேட்பது ஒன்று, அவன் கேட்டது இன்னொன்று. உன் பதில் வரும்வரை அச்சகத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆதித்தன்


சின்னமனூர்,
23.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது ஆத்திரம்தான். தினம் தினம் பின்வாசலில் நின்று கூப்பிடுகிறேன், எனக்கு முகத்தைக்கூடக் காட்டியதில்லை. ஒரே நாள் வந்த உங்களிடம் திரும்பிப் பேசியிருக்கிறார். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

கட்டம் போட்டுவிடுங்கள். கோடு மெல்லியதாக இருக்கட்டும். புரூஃபில் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் எழுதி அனுப்பியதை எங்கேயும் அச்சடிக்க வேண்டாம், கடைசிப் பக்கத்தில்கூட.

நேற்று விளக்கு வைக்கும் வேளையில் வந்து நின்றார். போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு தட்டு தட்டியிருந்தால் திறந்திருப்பேன் அண்ணா.

தட்டவில்லை.

ஜெபராணி