வேலிக்குச் செலவழித்த கோபம்

ஆவணி, 1991

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம், இங்கே சுகம் என்று எழுதியே இவ்வளவு காலமும் வாய் மூடியிருந்தேன், இனி முடியாது. போன வெள்ளிக்கிழமை பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எழுத மாட்டேன், உனக்கே விளங்கும். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று, ஊர்ப் பிள்ளைகளைச் சாகக் கூட்டிப்போகிறார்கள் என்று உரக்கச் சொன்னாராம், அவ்வளவுதான். வாகனம் வந்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. என்னையும் கண்டுவிடுவார்களோ என்று குந்திவிட்டேன்.

பெரியப்பா எல்லை வேலிக் கதியால் தடிகளை எங்கள் காணிக்குள் அரை முழம் தள்ளி நட்டார் என்று வழக்காடி, அவரோடு பேச்சை விட்டது உனக்குத் தெரியும். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் பெரியம்மா எங்கள் படலையைத் திறந்து வந்து, கதியாலுக்காகக் கோட்டுப்படி ஏறின கால், மாஸ்ரர், கூடப்பிறந்த அண்ணைக்காக அவையின்ரை காம்ப் வாசலுக்கு வராதோ என்று கேட்டார். அம்மா உடனே, இவருக்கு நெஞ்சு வருத்தம், விடுங்கோ அக்கா என்றாள். பெரியம்மாவின் ஏளனத்தைவிட அந்தப் பொய்தான் கூடச் சுட்டது.

கோபத்தை அடக்கினால்தான் சிவன் கிட்ட வருவான் என்று கோயிலில் கேட்டு வளர்ந்தவன் நான். அது முழுக்கச் சரியில்லை மகள். அன்று வந்த கோபம் அண்ணையின் மேலோ பெரியம்மாவின் மேலோ அல்ல, குந்திய என் முழங்கால்களின் மேல். தேவாரம் ஓதி வராத தைரியம் அதில் வந்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். காம்ப் வாசலில் நின்றவன் என்னிடம் படித்தவன். மாஸ்ரர், உதுக்கெல்லாம் வராதேங்கோ, வீட்டை போங்கோ என்று மரியாதையாகச் சொன்னான். இருட்டும்வரை நின்றுவிட்டு, நாளைக்கும் வருவன் என்று சொல்லி வந்தேன். அன்றிலிருந்து தினமும் போகிறேன். அண்ணை உயிரோடு இருக்கிறாரா என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

நேற்று அவர்களில் வேறொருவன் வீட்டுக்கு வந்து, பிள்ளையள் எங்கை இருக்கினம் என்று கேட்டான். எனக்குப் பிள்ளைகளே இல்லை என்று சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

குளிரில் குழந்தையின் காதை மூடிக் கூட்டிப்போ. இதை வாசித்ததும் எரித்துவிடு, அங்குள்ள நம்மவர்களிடமும் கதைக்காதே. ஊர்க் கோயில் அம்மாளாச்சி உங்கள் மூவரையும் காப்பாள். நாளை கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன். வழியில் யாரும் பிரித்தாலும் இன்னாரின் கடிதம் என்று தெரிந்து நேற்றுச் சொன்னது பொய்யாகக் கூடாது, அதனால் கீழே பெயரும் போடாமல், அப்பா என்றுகூட எழுதாமல் அனுப்புகிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும்.