ஆட்கள்: ஒன்று

நாள் 41, 06:10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது பொறியாளர் தளவாய். உடன் இருப்பவள் பாறை ஆய்வாளர் மரகதம். காற்று சீர். தண்ணீர் சீர். பொட்டல உப்புமா வழக்கம்போல் ரப்பர். பழைய கணினி புகைந்துபோனதால் நேற்று மாற்றுக் கணினியை இணைத்தேன். நிரல்கள் எல்லாம் ‘முகில்’ மொழியில் எழுதியவை. எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அதன் பீற்றல்.

13:40
மூச்சு வாங்குகிறது. திரையில் ‘ஆட்கள்: 1’ என்கிறது.

காரணம் தெரிந்துவிட்டது. எழுத்துகளை எந்தக் குறியீட்டில் சேமிப்பது என்று முகில் மொழியை வகுத்த குழு முடிவே செய்யவில்லை. யார் மனமும் கோணக் கூடாதென்று ‘அந்தந்தக் கணினியின் வழக்கப்படி’ என எழுதிவிட்டு, போண்டா தின்று கலைந்திருக்கிறார்கள். மாற்றுக் கணினிக்குத் தமிழ் தெரியாது. மரகதத்தின் பெயர் அதில் ‘??????’. என் பெயரும் ‘??????’. இரண்டும் ஒரே ஆள் என்று எண்ணி ஒருவருக்கான காற்றை மட்டும் விடுகிறது.

நல்லவேளை, இந்தக் குறிப்பைப் பேனாவால் எழுதுகிறேன்.

15:05
ஆங்கிலத்தில் பெயரைப் பதியப் பார்த்தேன். ஏற்கெனவே பதிந்த ஒருவர் அனுமதிக்க வேண்டுமாம். அனுமதிப்பவர் பெயரைத் தமிழில் தட்டினால் அதற்குப் புரியவில்லை. தரையிலிருந்து வரும் ஆணைக்கும் அதே கதிதான். காற்றைக் கையால் திருகித் திறக்கும் குழாயை எடை குறைக்கிறோம் என்று கழற்றிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து செல்வின்: “அண்ணே, குழு கூடிட்டாங்க. அடுத்த பதிப்புல இருந்து எல்லாத்துக்கும் ஒரே குறியீடாம். பழசுல மட்டும் கை வைக்க மாட்டாங்களாம். ஓடிட்டிருக்கிற நிரல் எதுவும் உடைஞ்சிரக் கூடாதாம். கத்திப் பாத்துட்டேண்ணே, கேக்க மாட்டேங்காங்க.”

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் காற்று வேண்டும்.

17:20
கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் மரகதம் இல்லை. வானொலியில் அவள் குரல்:

“அண்ணே, இருக்கிற ஒரே விண்வெளி சூட்ட மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். இதுல ராத்திரி வரைக்கும் காத்து இருக்கு. உள்ள உள்ளது உங்க ஒருத்தருக்குப் போதும்லா? நல்லா மூச்சு விடுங்க. அதுக்குள்ள ஏதாச்சும் வழி பாருங்க.”

அழுதுவிட்டேன்.

17:24
திரையில்: ‘?????? வெளியேறினார். ஆட்கள்: 0.’

காற்று விசிறி நின்றுவிட்டது. ஆளில்லாத நிலையம் என்று வெளிக்கதவையும் பூட்டிக்கொண்டது. நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

17:31
கதவைத் தட்டுகிறாள். வானொலியில்:

“அண்ணே, கதவு திறக்கலையே. உள்ள சரியாயிருச்சா?”

சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவளுக்கு ராத்திரி வரை காற்று இருக்கிறது. இன்னும் தட்டிக்கொண்டு